மின் பல்துலக்கி யாருக்கு, எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு, மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் சொல்லும் குறை ஒன்று நன்கு பழக்கம். காலையில் குழாய்த் தண்ணீரை வாயில் வைத்ததும் பல் சுரீரென்று கூசுகிறது என்பார்கள். மலையின் குளிர்மேல் பழியைப் போடுவார்கள். வாயைத் திறந்து பார்த்தால், கோரைப் பல்லிலும் அதை அடுத்துள்ள முன்கடைவாய்ப் பற்களிலும், பல் ஈறோடு சேரும் கழுத்துப் பகுதியில், ஆப்பு வடிவத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பள்ளம் பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் ஆழமாக இருக்கிறது. பிரஷ்ஷைக் குறுக்காக வைத்து இழுக்கும்போது கையின் முழு பலமும் விழுவது அந்தப் பக்கத்தில்தான். பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கழுத்தருகே மெல்லியதாகவே இருப்பதால், அது தேய்ந்ததும் உள்ளேயுள்ள டென்டின் என்னும் அடுக்கு வெளிப்பட்டு, அதன் நுண்குழல்கள் வழியே குளிர்ச்சி நரம்பை எட்டிவிடுகிறது. புளிப்பும் பல்லைக் கடிக்கும் பழக்கமும் இதற்குத் துணைபோவது உண்டு. ஆனால் பெரும்பங்கு அழுத்தித் தேய்க்கும் கையினுடையது.

அழுத்தித் தேய்த்தால்தான் பல் சுத்தமாகும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. செங்கல் பொடியும் அடுப்புக்கரியும் கொண்டு விரலால் தேய்த்த தலைமுறையிடமிருந்து வந்த பழக்கம் இது. உண்மையில் நாம் அகற்ற வேண்டியது பற்படலம் என்னும், கிருமிகள் கூடி வாழும் பிசுபிசுப்பான மெல்லிய ஏடு. அதற்கு பலம் தேவையில்லை. பிரஷ்ஷின் நுனி ஈற்றோரத்தைத் தொட்டு, சிறிய அசைவில், போதிய நேரம் நின்றால் போதும். அந்தச் சிறிய அசைவைத்தான் நம் கை சரியாகச் செய்வதில்லை. மின் பல்துலக்கி, அதாவது பேட்டரி பிரஷ், கையிடமிருந்து வாங்கிக்கொள்வது அந்த ஒரு வேலையைத்தான் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

இது நேற்று வந்த பொருளன்று. 1954-இல் சுவிட்சர்லாந்தில் பிராக்சோடென்ட் என்ற பெயரில் உருவான கருவி, கையசைவு குறைந்த நோயாளிகளையும் பல்லுக்குக் கம்பி கட்டியவர்களையும் கருத்தில் வைத்தே செய்யப்பட்டது. இன்று கடைகளில் இரண்டு வகை கிடைக்கின்றன. ஒன்றில், சிறிய வட்டத் தலை வலமும் இடமும் மாறிமாறிச் சுழலும்; மற்றொன்றில், வழக்கமான நீள்தலை மிக வேகமாக அதிரும். இரண்டாம் வகையில் சில கருவிகள் நிமிடத்துக்கு 31,000 அசைவுகள் தருகின்றன.

பயன் எவ்வளவு? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 56 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மூன்று மாதங்களுக்கு மேல் மின் பல்துலக்கியைப் பயன்படுத்தியவர்களிடம், சாதாரண பிரஷ்ஷைப் பயன்படுத்தியவர்களைவிடப் பற்படலம் 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் குறைவாக இருந்தன. அதிசயம் என்று சொல்லத்தக்க வேறுபாடு அன்று என்றாலும், நாள்தோறும் இருமுறை செய்யும் ஒரு செயலில் இது சிறிய லாபமும் அன்று. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கூடுதல் அக்கறையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரை கட்டுக்குள் நிற்பதில்லை, சர்க்கரை ஏறினால் ஈறு தாங்குவதில்லை. ஒன்றையொன்று கெடுக்கும் உறவு இது.

கருவியில் நான் மிகவும் மதிப்பது அதன் வேகத்தை அன்று. பல கருவிகளில், அளவுக்கு மேல் அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், அல்லது சுழற்சி தானாகக் குறையும். மேல்வலம், மேலிடம், கீழ்வலம், கீழிடம் என வாயை நான்காகப் பிரித்து, முப்பது விநாடிக்கு ஒருமுறை சற்றே நின்று அதிர்ந்து இடம் மாற்றச் சொல்லும். இரண்டு நிமிடம் முடிந்ததும் அறிவிக்கும். கழுத்துப் பள்ளம் விழுந்தவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பது அந்த அழுத்த எச்சரிக்கைக்காகவே.

அடுத்து நான் சொல்ல விரும்புவது முதியவர்களைப் பற்றி. வெள்ளிக் கொலுசு வேலையில் ஆயுளைக் கழித்த ஒரு பெரியம்மா சிகிச்சைக்கு வந்தார். சலங்கை பற்றவைத்துப் பற்றவைத்து விரல் கணுக்கள் முடிச்சிட்டுப் போயிருந்தன. பென்சில் கனமுள்ள பிரஷ் பிடியை அவரால் இறுக்கிப் பிடிக்க இயலவில்லை. பருத்த பிடியுள்ள பேட்டரி பிரஷ்ஷை உள்ளங்கைக்குள் வைத்தபோது நன்றாகவே பிடித்தார். மூட்டுவாதம், பக்கவாதம், கைநடுக்கம் ஆகியவற்றால் அவதிப்படுபவர்களுக்குப் பிறர் உதவியின்றிப் பல் துலக்கும் உரிமையை இக்கருவி திருப்பித் தருகிறது. ஆய்வுகளின் சதவீதக் கணக்கைவிட எனக்கு இது பெரிது.

இதனால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பல்லில் இறுகிப்போன காரையை எந்த பிரஷ்ஷும் எடுக்காது. அதை மருத்துவரிடம்தான் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். சேலம், தருமபுரி மாவட்டங்களில் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் காணும் பழுப்புக் கறை, பல் உருவாகும் காலத்திலேயே எனாமலுக்குள் படிந்தது. விலையுயர்ந்த கருவியை வாங்கி அதைத் தேய்த்துப் போக்க முயலாதீர்கள். பல்லிடுக்குக்குப் பல்நூலோ இடுக்கு பிரஷ்ஷோ தனியே வேண்டும்.

பயன்படுத்தும் முறை சாதாரண பிரஷ்ஷிலிருந்து மாறுபட்டது. பற்பசை வைத்த தலையை வாய்க்குள் வைத்த பிறகே விசையைப் போடுங்கள். இல்லையேல் பசை சட்டையில் தெறிக்கும். ஈற்றோரத்தில் சாய்வாக வைத்து, ஒவ்வொரு பல்லிலும் இரண்டு மூன்று விநாடி நிறுத்தி நகர்த்துங்கள். முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்புறத்துக்குச் செல்லும்போது வாயைப் பாதி மூடினால் கன்னம் தளர்ந்து இடம் கிடைக்கும். தலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

விலை சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகிறது. வாங்கும் முன் அதற்கான மாற்றுத் தலை உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் மலைக் கிராமங்களில், சார்ஜ் ஒரு வாரமாவது நிற்கும் கருவியோ, பேட்டரி மாற்றும் வகையோ ஏற்றது. தலையைக் கழற்றி மாற்றக்கூடிய கருவி ஒன்றை வாங்கி, ஆளுக்கொரு தலை வைத்துக்கொண்டு குடும்பமே பயன்படுத்தலாம். யாருடையது எது என்று அறிய அடியில் நிற வளையங்கள் இருக்கும். படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு நீங்கள் துலக்கிவிடுவதானால், சற்றே சாய்த்து உட்காரவைத்து, தலைமாட்டில் நின்று, ஒரு விரலால் கன்னத்தை மெல்ல விலக்கிக்கொண்டு, சிறிய தலையுள்ள கருவியால் கடைவாயிலிருந்து தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.