வேகம் குறைகிற வருசம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

31 வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஈரோடு மாவட்டத்தில், கீழ்பவானி வாய்க்கால் கரையில், விடியற்காலை ஐந்தேகாலுக்கு ஏழெட்டுப் பெண்பிள்ளைகளை ஓட வைக்கிறேன். அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். வயது 17. நெடுந்தூர ஓட்டக்காரி. பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். காரணம் கேட்கக் கேட்க உங்களுக்கே புரியும். அவளை அம்மணி என்றே சொல்கிறேன். எங்கள் பக்கம் எல்லாப் பெண்பிள்ளைகளும் அம்மணிதானே.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது என் கண்ணில் பட்டாள். சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, வெறும் தூக்குப்போசியை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். நிறுத்திப் பேசினேன். பதில் சொல்லும்போது மூச்சு வாங்கவே இல்லை. அடுத்த வாரம் வாய்க்கால் கரைக்கு வந்துவிட்டாள்.

ஒன்பதாம் வகுப்பில் குறுவட்டம், மாவட்டம் தாண்டி மாநிலப் போட்டி வரை போனாள். 3000 மீட்டரை 10 நிமிடம் 40 வினாடிக்கு ஓடினாள். அந்த வயதுக்கு நல்ல ஓட்டம். ஊர் திரும்புவதற்குள் பேருந்து நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் கட்டியாகிவிட்டது. 'கொங்கு மண்ணின் தங்க மங்கை' என்று ஆள் உயரத்துக்கு அவள் படம். அந்த மாதத்தில் மட்டும் ஐந்து பாராட்டு விழா. ஒவ்வொன்றிலும் சால்வை, மேடையில் இரண்டு மணி நேரம் காத்திருப்பு, வீடு வந்து சேர இரவு பத்தரை. மறுநாள் ஐந்து மணிக்குக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு கரைக்கு வருவாள்.

பேட்டி எடுக்க ஒருவர் வந்தார். "ஷூ இல்லாமத்தானேம்மா ஓடிப் பழகினே?" என்று கேட்டார். அவளிடம் இரண்டு ஜோடி இருந்தது. இல்லைங்க, ஷூ போட்டுத்தான் ஓடுறேன் என்றாள். சரி, படத்துக்காக ஒரு தடவை கழற்றிவிட்டு ஓடும்மா என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்றேன். அவள் அப்பாவும் அம்மாவும் பாடுபட்டு வாங்கிக்கொடுத்த ஷூ அது. அதைக் கழற்றச் சொன்னது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பசியும் வெறுங்காலும் இருந்தால்தான் நம் பெண்களின் வெற்றி செய்தியாகிறது. அவள் வாரம் ஆறு நாள் எப்படி உழைக்கிறாள் என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

அதை நான் சொல்கிறேன். வாரத்தில் நான்கு நாள் அவள் மெதுவாகத்தான் ஓடுவாள். பக்கத்தில் ஓடுகிறவளோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். பேச்சு துண்டுதுண்டாக வந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். பார்க்கிறவர்களுக்கு இது பயிற்சி மாதிரியே தெரியாது. ஆனால் இந்த மெதுவான கிலோமீட்டர்களில்தான் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதலாக ரத்தம் அனுப்பப் பழகுகிறது; தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இதற்கு மாதங்கள் போதாது, வருடங்கள் ஆகும். செவ்வாய்க்கிழமை 20 நிமிடம் கொஞ்சம் சிரமமான, ஆனால் சீரான ஓட்டம். சனிக்கிழமை 400 மீட்டர் எட்டுத் தடவை. மாதம் ஒரு முறை கோவை நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போய் சிந்தெடிக் டிராக்கில் ஓட விடுவேன், காலுக்கு அந்தத் தரை பழக வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை கரையோடு 14 கிலோமீட்டர். வெள்ளி ஓய்வு.

கீழ்பவானிக் கரை மாதிரி ஒரு பயிற்சிக்களம் கிடைக்க நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். பவானிசாகரில் தொடங்கி 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால் அது. மண் தடம் என்பதால் தார்ரோடு மாதிரி முழங்காலைப் பதம் பார்க்காது. ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை, இருபுறமும் மர நிழல். ஆகஸ்டில் தண்ணீர் திறந்துவிட்டால் காலை ஆறு மணிக்கு அங்கே அடிக்கிற குளிர்காற்றுக்கு ஈடே கிடையாது.

அப்புறம் பிளஸ் ஒன் வந்தது. உடம்பு மாறியது. இடுப்பு அகன்றது, எடை நான்கு கிலோ கூடியது. அதே பயிற்சிதான், அதே அக்கறைதான். ஆனால் 3000 மீட்டருக்கு 11 நிமிடம் 5 வினாடி ஆனது. மாவட்டப் போட்டியிலேயே நான்காவதாக வந்தாள்.

இந்த வருசத்தைப் பற்றிச் சொல்லத்தான் நான் இங்கே வந்தேன். ஓடுகிற பெண்களில் ஏராளமானவர்களுக்கு இப்படி ஒரு வருசம் வரும், சிலருக்கு இரண்டு வருசம். பையன்களுக்கு அந்த வயதில் தசை ஏறி, வேகம் தானாகக் கூடும். பெண்ணுக்கு முதலில் கொழுப்பும் எலும்பு அகலமும் வருகிறது. அதைச் சுமக்கிற பலம் பின்னால்தான் வந்து சேருகிறது. நடுவில் இருக்கிற இடைவெளியில் கடிகாரம் பின்னால் போகும். இது நோயும் இல்லை, சோம்பலும் இல்லை. உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

ஊர் என்ன சொன்னது? "அவ்வளவுதான் அந்தப் புள்ள, பெரிய மனுசி ஆனாலே எல்லாம் போச்சு" என்றது. உறவுக்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். வெயிலில் கறுத்துவிட்டாள், அரைக்கால் டவுசரோடு கரையில் ஓடினால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று அம்மாவின் காதில் ஓதினார்கள். ஃபிளெக்ஸ் கட்டியவர்களில் ஒருவரே அப்பாவிடம், "டீச்சர் சரியாச் சொல்லிக் குடுக்கறதில்லைங்க போல" என்றாராம்.

அப்பா குத்தகைக்கு ஒரு ஏக்கரில் மஞ்சள் போட்டிருக்கிறார். ஒரு நாள் கரைக்கே வந்துவிட்டார். "டீச்சர், புள்ளைக்கு வேகம் போயிருச்சுங்களே. வுட்டுறலாங்களா?" என்றார். நான் கேட்டேன், "ஏனுங்க, மஞ்சளை ஆறாம் மாசம் தோண்டிப் பாப்பீங்களா?" அவர் சித்த நேரம் பேசவில்லை. "ஆறாம் மாசம் தழைதானுங்க இருக்கும், கெழங்கு தேறாதுங்க" என்றார். அதற்கப்புறம் இன்று வரை அந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை.

அவருக்கு இரண்டு பெண்களைப் பற்றிச் சொன்னேன். கேரளத்தில் இடுக்கி மலையைச் சேர்ந்த பிரீஜா ஸ்ரீதரன், 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் 10,000 மீட்டர் தங்கம் வென்றார். மீரட் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த பாருல் சௌத்ரி, 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில், தடை தாண்டி ஓடுகிற 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் வெள்ளி வாங்கிய மறுநாளே 5000 மீட்டர் ஓடி, கடைசிச் சில மீட்டரில் ஜப்பான் வீராங்கனையை முந்தித் தங்கம் எடுத்தார். நேரம் 15 நிமிடம் 14.75 வினாடி. தங்கம் வென்றபோது இரண்டு பேருக்கும் வயது 28. கென்யாவின் ஃபெயித் கிப்யெகான் ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு ஒலிம்பிக் தங்கம் இரண்டு வென்றார். 1500 மீட்டரில் 2025ஆம் ஆண்டு உலக சாதனை படைத்தபோது அவருக்கு 31 வயது. நம் அம்மணிக்கு 17.

இந்த வருசத்தில்தான் பயிற்சியாளர்கள் பெரிய தவறு செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். இதே மாதிரி வேகம் குறைந்தது. "எடையைக் குறை" என்று சொன்னேன். அந்தப் பிள்ளை ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். சில மாதத்தில் மாதவிலக்கு நின்றது. கடுமையாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான் என்று எனக்கு யாரோ சொல்லிக்கொடுத்ததை அவளுக்குச் சொன்னேன். ஆறு மாதத்தில் கீழ்க்கால் எலும்பில் விரிசல். ஆறி வந்தது, மறுபடி விரிந்தது. அதோடு அவள் ஓட்டம் முடிந்தது. இன்று திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறாள். எங்கே பார்த்தாலும் டீச்சர் என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள். எனக்குத்தான் மனசு குறுகிப்போகிறது.

ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு முதலில் மாதவிலக்கை நிறுத்திச் சிக்கனம் பிடிக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் எலும்பு கட்டாது. அதுவும், வாழ்நாளுக்கான எலும்பைச் சேர்த்து வைக்கிற வயதே இதுதான். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்கென்று தனிப்பெயரே வைத்துப் பயிற்சியாளர்களை எச்சரித்தது. வசதியான நாட்டிலும் இது நடந்தது. அமெரிக்காவில் மேரி கெய்ன் என்ற பெண் 17 வயதில் உலக சாம்பியன்ஷிப் 1500 மீட்டர் இறுதிப்போட்டி ஓடினார். அடுத்த வருடம் ஜூனியர் உலக சாம்பியன். அப்போது ஒரு புகழ்பெற்ற பயிற்சிக்குழுவில் இருந்தார். இன்னும் மெலிய வேண்டும், இன்னும் மெலிய வேண்டும் என்று அங்கே வற்புறுத்தியதில் மூன்று வருடம் மாதவிலக்கு வரவில்லை, ஐந்து எலும்பு முறிந்தது என்று 2019இல் அவரே வெளியே சொன்னார். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் இப்போது எங்கள் கரையில் எடை மெஷின் கிடையாது. ஒரு நோட்டுதான் இருக்கிறது. தூங்கிய நேரம், வலி எங்கே, மாதவிலக்குத் தேதி, மூன்றையும் ஒவ்வொரு பிள்ளையும் எழுத வேண்டும். ஓடி முடித்த அரை மணிக்குள் மோர் விட்ட ராகிக்கூழ், இரண்டு முட்டை, நிலக்கடலை உருண்டை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதைத் தேடி நாம் கடைக்குப் போய் டப்பா வாங்க வேண்டியதில்லை.

ரத்தசோகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. ஓடுகிற பிள்ளைக்கு இது இரட்டை அடி, ஏனென்றால் காலுக்கு ஆக்சிஜனைச் சுமந்து போவதே ஹீமோகுளோபின்தான். இங்கிருந்து ஊட்டி கூப்பிடு தூரம். 2,200 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் உடம்பு கூடுதலாகச் சிவப்பணு செய்யும். அதற்காகவே தேசிய ஓட்டக்காரர்கள் பலர் அங்கே முகாம் போட்டார்கள். எங்கள் பிள்ளைகளையும் ஊட்டிக்கு அனுப்பச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். உடம்பில் இரும்புச்சத்து இல்லாமல் மலையேறி என்ன பயன், சிவப்பணுவை எதை வைத்துச் செய்வது? முதலில் ரத்தப் பரிசோதனை. அப்புறம் முருங்கைக்கீரை, கம்பு, கறி சாப்பிடுகிற வீடென்றால் வாரம் ஒரு நாள் ஈரல், கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. சாப்பிட்ட கையோடு டீ மட்டும் வேண்டாம், அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எங்கள் ஊரில் இதற்குச் சம்மதிக்க வைப்பது 14 கிலோமீட்டர் ஓட வைப்பதைவிடக் கஷ்டம்.

பெண் ஓடுவதை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதும் பயிற்சியில் சேர்த்திதான். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல் தடவையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். இறுதிப்போட்டியில் ஒன்பது பேர் ஓடினார்கள், ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் உலக சாதனையோடு வென்றார். ஆனால் பத்திரிகைகள் சில, பாதிப்பேர் சுருண்டு விழுந்தார்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்று எழுதின. அந்தப் பொய்ச் செய்திக்குப் பிறகு 1960 வரை, 32 வருடம், ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் ஓட்டமே இல்லை. மாரத்தான் ஓட 1984 வரை காத்திருந்தார்கள். எத்தனை பெண்களுடைய கால்கள் அந்த ஒரு பொய்யில் கட்டிப்போடப்பட்டன என்று நினைத்தால் எனக்கு இன்றும் கொதிக்கிறது.

நம் ஊரில் மட்டும் என்ன? புதுக்கோட்டைப் பக்கத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய மருத்துவச் சங்கதி நாடு முழுக்கத் தொலைக்காட்சிச் செய்தியாக ஓடியது. தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அதே வாய்கள்தான் பேசின. அம்மணியின் பெயரை நான் சொல்லாததற்கு இதுதான் காரணம். அவள் இருபது வயதைத் தாண்டட்டும். தன்னைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

இந்தப் பிளஸ் டூ வருடத்தில் அவள் மறுபடி வேகம் பிடிக்கிறாள். போன மாதம் 10 நிமிடம் 52 வினாடி. ஒன்பதாம் வகுப்பில் ஓடியதைவிட இன்னும் 12 வினாடி பின்னால்தான் இருக்கிறாள். ஆனால் கடைசிச் சுற்றில் அவள் கால் தரையைத் தள்ளுகிற விதம் புதிது, அந்தப் பலம் அப்போது அவளிடம் இல்லை. எவ்வளவு தூரம் போவாள் என்று கேட்கிறார்கள். நான் ஜோசியம் சொல்வதில்லை. 5000 மீட்டருக்கு ஏற்ற உடம்பு, 10,000 மீட்டருக்கு ஏற்ற பொறுமை, இந்த இரண்டும் அவளிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

கரையில் வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் ஓடும்போது ஹாரன் அடிக்காதீர்கள், செல்போனில் படம் பிடிக்காதீர்கள். கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டால் போதும்.

இன்று வெள்ளிக்கிழமை, அவளுக்கு ஓய்வு நாள். அம்மா தறிக்குடோனில் நூல் தார் சுற்றப் போகும்போது, லீவு நாளில் இவளும் கூடப் போய் நாலு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு வந்து, ஓய்வு எடுத்தேன் என்று நோட்டில் எழுதுவாள். அந்த நாலு மணி நேரமும் கால்தானே சுமக்கிறது? அம்மாவிடம் பேசிவிட்டேன், அவரும் சரி என்று சொல்லிவிட்டார். அம்மணி, நீ இதைக் கேட்டுக்கொண்டிருப்பாய் என்று தெரியும். ரேடியோவை அணைத்துவிட்டுப் போய்ப் படு கண்ணு. நாளைக்கு எட்டு நானூறு இருக்கிறது.

வணக்கம்.