அலமாரியில் இருக்கிறது, அனுப்ப முடியாது

நேயர்களுக்கு வணக்கம்.

1950இல் சென்னையில் அச்சான ஒரு தமிழ் நூல் என்று வைத்துக்கொள்வோம். விலை பன்னிரண்டு அணா. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ‘உரிமை ஆசிரியருக்கே’ என்று ஒரு வரி, அதன் கீழே அச்சகத்தின் பெயர். ஆசிரியர் 1990இல் காலமாகிவிட்டார். பதிப்பகத்தை அதற்கு முன்பே மூடிவிட்டார்கள். மறுபதிப்பு வரவில்லை. ஒரு நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருக்கிறது. தாள் பழுத்து, புரட்டினாலே ஓரம் உதிர்கிறது. தென்காசியிலிருந்து ஓர் ஆய்வு மாணவி அதைக் கேட்கிறார். ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

போட முடியாது. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1964இல் மறைந்த நேருவின் எழுத்துகள் 2025 பிறந்தபோதுதான் பொதுவுக்கு வந்தன. நம் பன்னிரண்டணாப் புத்தகத்துக்கு 2051 வரை காத்திருக்க வேண்டும், அதாவது அச்சாகி நூறு வருஷம். முன்பு 50 ஆண்டுகள்தான் இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் நூல்கள், உரிமையை வைத்திருந்த, அவரே நிறுவிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் கையைவிட்டுப் போகவிருந்த நேரத்தில், 1992இல் அதை 60 ஆக்கினார்கள். தாகூர் நூல்கள் விற்றுக்கொண்டிருந்தன, சரி. விற்பனையே இல்லாத ஆயிரக்கணக்கான நூல்களும் அதே கயிற்றில் சேர்த்துக் கட்டப்பட்டன.

நூலகங்களுக்குச் சட்டம் ஒன்றுமே தரவில்லை என்று சொல்ல மாட்டேன். 52ஆவது பிரிவில் சில கதவுகள் உண்டு. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத புத்தகத்தை, லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று பிரதிகள் வரை எடுத்துக்கொள்ளலாம். 2012 திருத்தத்தில் இன்னொன்று வந்தது: அச்சுப் பிரதி கையில் இருந்தால், பாதுகாப்புக்காக அதை மின்வடிவில் சேமித்து வைக்கலாம். ஆனால் சேமிக்கலாம் என்று சொன்ன சட்டம், சேமித்ததை வெளியூர் வாசகருக்குக் காட்டலாமா என்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வம்பு எதற்கு என்று நூலகர்கள் கோப்பை ஹார்டு டிஸ்க்கில் பூட்டி வைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வழக்கு வந்தால் நிற்கப்போவது அவர்கள்தானே.

தன் ஆய்வுக்காக நியாயமான அளவில் நகலெடுக்கும் உரிமை அந்த மாணவிக்கு உண்டு. எது நியாயமான அளவு என்று சட்டத்தில் பக்கக் கணக்கு இல்லை. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடைமீது மூன்று பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் போட்ட வழக்கில், பாடத்துக்காக நூல் பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பது குற்றமல்ல என்று 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது வகுப்பறையை வைத்துச் சொன்னது, நூலக இணையதளத்தை வைத்து அல்ல.

உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், 31ஏ என்ற பிரிவு. விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, கட்டாய உரிமம் வாங்கலாம், அதாவது உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே வெளியிடும் அனுமதி. அதற்கு முன்னால் நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும். எந்த நாளிதழில்? நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளிதழில்! காரைக்குடிப் பக்கம் எங்கோ இருக்கும் பேரனைத் தேட ஆங்கிலப் பேப்பரில் விளம்பரம். அதையும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒரு மாவட்ட மைய நூலகத்தின் பட்ஜெட்டில் இது நடக்கிற காரியமா?

தமிழ்நாட்டுக்கு என்று ஒரு தனி வழி இருக்கிறது: நாட்டுடைமை. 1949இல் பாரதியின் எழுத்துகளின் உரிமையை சென்னை மாகாண அரசு வாங்கியதில் தொடங்கியது அது. இன்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அந்த நூல்களைத் தாராளமாகப் படிக்க முடிவது இதனால்தான். ஆனால் பட்டியலில் பெரும்பாலும் பெயர் பெற்றவர்கள்தான். பன்னிரண்டணாப் புத்தகத்தின் ஆசிரியருக்காக யார் மனு கொடுப்பார்கள்?

என்னைக் கேட்டால், விற்பனையில் இல்லாத நூல்களுக்கு மட்டும் ஒரு விலக்கு போதும். உரிமையாளர் எப்போது வந்து கேட்டாலும் எடுத்துவிடுகிறோம் என்ற நிபந்தனையோடு நூலகங்கள் இணையத்தில் வைக்கட்டும். இதில் பதிப்பாளருக்கு என்ன நஷ்டம்? விற்காத புத்தகத்தில் போவதற்கு ஒன்றுமில்லையே.

சட்டம் மாறும்வரை ஒரு வேலை நேயர்கள் கையிலும் இருக்கிறது. உங்கள் தாத்தாவோ பெரியம்மாவோ புத்தகம் எழுதியிருந்தால், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டு நூலகத்துக்கு ஓர் அனுமதிக் கடிதம் கொடுங்கள். முத்திரைத்தாள்கூட வேண்டியதில்லை, எழுத்தில் இருந்தால் போதும். ஆனால் எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்பதை மறக்காமல் எழுதிவிடுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் யாழ்ப்பாணத்திலும் பினாங்கிலும் இருக்கிற வாசகருக்காக மறுபடி எல்லோரிடமும் கையெழுத்து வாங்க அலைய வேண்டியிருக்கும்.

நன்றி, வணக்கம்.