வீடு வாங்கும்போது எது வெளியே தெரியும், எதைப் பத்திரமா வெச்சுக்கணும்?

[திரையில்: தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளம், வில்லங்கச் சான்று பக்கம்]

வணக்கம். புது வீடு எவ்வளவுக்கு முடிஞ்சதுங்கறது வெளியே தெரியக்கூடாதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. தமிழ்நாட்டுல அதுக்கு வழி இல்லை. இந்தப் பக்கத்தைப் பாருங்க. சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், இவ்வளவு தெரிஞ்சா போதும். யார் வேணும்னாலும் காசு கட்டாம உங்க வீட்டோட வில்லங்கச் சான்றை, அதாவது ஈசியைப் பாத்துடலாம். வித்தவர் பேர், வாங்கினவர் பேர், கைமாற்றுத் தொகை எல்லாமே அதுல இருக்கும்.

1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தோட 57-ஆவது பிரிவுப்படி, சொத்து ஆவணங்கள் பதிவாகிற முதலாம் புத்தகத்தை யாரும் கட்டணம் கட்டிப் பாக்கலாம், நகலும் வாங்கலாம். உயிலுக்கு மட்டும் விதி வேற. எழுதினவர் உயிரோட இருக்கறவரை அடுத்தவங்களுக்கு நகல் கிடைக்காது.

இது நல்லதுக்குத்தான். இப்படித் திறந்து இருக்கறதாலதான், நீங்க வாங்கப்போற இடம் ஏற்கெனவே வேறொருத்தருக்குக் கைமாறியிருக்கான்னு உங்களால பாக்க முடியுது.

கடனும் அப்படித்தான். பேங்க்ல பத்திரத்தை ஒப்படைச்சு, அதுக்கான எம்ஓடிங்கற ஒப்படைப்பு ஆவணத்தைப் பதிவு பண்ணினா, கடன் தொகை ஈசியில ஏறிடும். கடன் முடிஞ்சதும், அது அடைஞ்சுதுன்னு காட்டற ரசீது ஆவணத்தைப் பதிவு பண்ண மறந்துடாதீங்க. இல்லைன்னா கடன் இன்னும் நிலுவையில இருக்கற மாதிரியே தெரியும்.

[திரையில்: 30 லட்சம், 50 லட்சம்]

வருமான வரித்துறைக்கும் தெரியும். 30 லட்சம் ரூபாயும் அதுக்கு மேலயும் இருக்கற பதிவு அவங்களுக்குத் தானாப் போயிடுது. 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா, வாங்குறவரே விக்கறவருக்குக் கொடுக்கற தொகையில 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கற வருமான வரி, பிடிச்சுக் கட்டணும்.

"பாதியை ரொக்கமாக் கொடுங்க, பத்திரத்துல குறைச்சுப் போட்டுக்கலாம்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. அது அந்தரங்கம் இல்லை, வரி ஏய்ப்பு. நாளைக்கு நீங்க விக்கும்போது உங்க வாங்கின விலை குறைவாத் தெரியும், அதனால லாபத்துக்கான வரி உங்க தலையிலதான் விழும்.

சரி, எதைத்தான் காப்பாத்தணும்? வாங்கின விலையை இல்லை, உங்க வரவு செலவை.

ஹோம் லோன் ஏஜெண்ட் வாட்ஸ்அப்ல கேக்கறாரேன்னு சம்பள ஸ்லிப், ஃபார்ம் 16, ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாத்தையும் தட்டி விட்டுடறோம். அந்த ஸ்டேட்மெண்ட்டைக் கொஞ்சம் நிதானமாப் படிச்சுப் பாருங்க. பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஆஸ்பத்திரிக்குப் போறீங்க, மாசா மாசம் ஊர்ல யாருக்குப் பணம் அனுப்பறீங்க, எல்லாம் வரிசையா இருக்கும். லோன் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் அது அந்த ஃபோன்ல இருந்துக்கிட்டே இருக்கும். அதனால பேங்கோட சொந்தப் பக்கத்துலயே ஏத்துங்க, இல்லை கிளைக்கு நேராப் போங்க. ரிசர்வ் வங்கி அனுமதியோட, உங்க கணக்கு விவரத்தைக் கடன் தர்றவங்களுக்கு நேரா அனுப்பற அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழியும் இருக்கு. எந்தக் கணக்கு, எத்தனை நாளுக்குன்னு நீங்க சம்மதிச்சா மட்டும் விவரம் போகும். காகிதமாக் கொடுக்கறதுன்னா, நகல் மேல குறுக்கால "வீட்டுக் கடனுக்கு மட்டும்"னு எழுதித் தேதி போடுங்க.

புரோக்கர்கிட்ட ஒரு விஷயம் சொல்லவே சொல்லாதீங்க: பேங்க் உங்களுக்கு எவ்வளவு வரைக்கும் லோன் தரத் தயார்ங்கறது. விலை பேசறதுக்கு முன்னாடி அந்தத் தொகை வெளியே போச்சுன்னா, பேரம் அதுக்குக் கீழ இறங்காது. லோன் ரெடியா இருக்குன்னு சொன்னாப் போதும்.

[திரையில்: கிரயப் பத்திர வரைவு, ஆதார் எண் மறைக்கப்பட்டது]

பத்திரம் எழுதறவர்கிட்ட வரைவை வாங்கி நீங்களே படிங்க. செக் எண், தேதி, தொகை இருக்கணும், அது உங்களுக்குப் பாதுகாப்பு. ஆனா முழு ஆதார் எண்ணையும் செல் நம்பரையும் எழுதித்தான் ஆகணுமான்னு கேளுங்க. யாரும் நகல் எடுக்கக்கூடிய ஆவணம் இது. 2018-ல தெலங்கானாவுல, பதிவுத்துறை இணையதளத்துல இருந்த பத்திரங்கள்லேருந்து கைரேகையை எடுத்து, போலி ரேகை செஞ்சு, சிம் கார்டுகளை ஆக்டிவேட் பண்ணின ஒருத்தர் பிடிபட்டார். பதிவு முடிஞ்ச அன்னிக்கே ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டிடுங்க, தேவைப்படும்போது திறந்துக்கலாம். மத்த இடங்கள்ல கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்க. சந்தோஷத்துல பத்திரத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கறதும் வேண்டாம்.

கிரகப்பிரவேசத்துல "எவ்வளவு ஆச்சு?"ன்னு கேப்பாங்க. சித்தப்பா, மாமா கேக்கறதுல தப்பு இல்லை, பாசத்துல கேக்கறாங்க. "பேங்க் லோன் போட்டுத்தான் முடிச்சோம்"னு சொன்னா பொய்யும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. சம்பளம், கையிருப்பு, நகை அடகு, இதெல்லாம் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் முன்னாடியே பேசி, சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ணிக்கங்க. ஒருத்தர் மறைச்சு இன்னொருத்தர் சொல்லிட்டா, அதுதான் மனஸ்தாபம்.

[திரையில்: கடன் அறிக்கை மாதிரி]

குடி போன சில மாசம் கழிச்சு உங்க கடன் அறிக்கையைப் பாருங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க், இந்த நாலு கடன் தகவல் நிறுவனத்துலயும் வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம். நீங்க போகாத ஒரு நிறுவனம் உங்க பேர்ல விசாரிச்சிருந்தா, உங்க காகிதம் எங்கேயோ கைமாறியிருக்கலாம். உடனே புகார் கொடுங்க. 30 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா, அதுக்கு அப்புறம் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேக்க ரிசர்வ் வங்கி விதியில இடம் இருக்கு.