கேசட்டை ஊதிய மூச்சு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஏழு நிமிஷம்தான் தந்திருக்காங்க, அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

சின்ன வயசு வீட்டு நினைவுகள்ல நெஞ்சுல நிக்கிறது படிச்ச புத்தகமா, ஆடின வீடியோ கேமா? கேம்தான்னு சொல்ற அணி நாங்க. எதிரணித் தம்பி அம்புலிமாமாவையும் ராணி காமிக்ஸையும் பத்திப் பேசினப்போ நானும்தான் கை தட்டினேன். ஆனா அவர் அதோட நிறுத்தல. "வீடியோ கேம் கோஷ்டி சின்ன வயசுல உருப்படியா செஞ்சது ஒண்ணே ஒண்ணு, கேம் கேசட்டை ஊதினது!" அப்படின்னு ஒரு போடு போட்டாரு. சபையே சிரிச்சுச்சு. அந்த ஊதலுக்கு வர்றேன் தம்பி, விட மாட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு அருவியில ஏறி இறங்கிட்டு வந்துடுவோம்.

கோன்ட்ரா! பேரைச் சொன்னதும் பின் வரிசையில நாலு பேர் நிமிர்ந்து உக்கார்றாங்க பாருங்க. 1988-ல கோனாமி கம்பெனி வீட்டு கேம் பெட்டிக்குக் கொண்டுவந்த, ரெண்டு பேர் சேர்ந்து எதிரிகளைச் சுடற ஆட்டம். நீல பேன்ட் ஒருத்தன், சிவப்பு பேன்ட் ஒருத்தன். நீலம் அண்ணனுக்கு, அதுல வழக்கே கிடையாது. மூணே மூணு உயிர். தலைப்பு வர்ற திரையில மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது, பி, ஏ... அடடா, நீங்களே சொல்றீங்க! அப்படி அழுத்தினா 30 உயிர். ரெண்டு பேர் ஆடணும்னா ஸ்டார்ட் பட்டனுக்கு முன்னாடி செலக்ட் பட்டனையும் தட்டணும். அதை மறந்தா தம்பி வெறும் கையோட வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

மூணாவது கட்டம் அருவி. இங்க திரை பக்கவாட்டுல போகாது, மேல போகும். பாறைக்குப் பாறை தாவணும். முன்னால ஏறுறவன் கூடவே திரையும் ஏறிடும். கீழ நிக்கிறவனோட பாறை திரையை விட்டு மறைஞ்சுதுன்னா, குண்டே படாம அவன் உயிர் போயிடும்.

அண்ணன் தாவுறான். தம்பி, "அண்ணா, இருண்ணா"ங்கறான். அண்ணன் தாவுறான். "இருண்ணா!" அண்ணன் இன்னொரு தாவு. தம்பி காலி. அழுகை, சண்டை, அடுப்படியில இருந்து அம்மா குரல். திரும்ப ஆரம்பிக்கறாங்க. அதே அருவி, அதே பாறை, "இருண்ணா!" திரும்பவும் காலி. மூணாவது தடவை அண்ணன் நிக்கிறான். "நீ முன்னால போடா, நான் பின்னால வர்றேன்"ங்கறான்.

அதுதாங்க அந்த அருவியோட சூட்சுமம்! தடுமாறுறவனை முன்னால விட்டுட்டு, கை தேர்ந்தவன் கீழ இருந்து வரணும். அப்ப திரை சின்னவனோட வேகத்துக்குத்தான் ஏறும். கெட்டிக்காரனுக்கு அது ஈடு கொடுக்கறது லேசு.

இன்னொண்ணும் இருக்கு. ஒருத்தனுக்கு உயிர் மொத்தமும் தீர்ந்துபோனா, இன்னொருத்தனோட கையிருப்புல இருந்து ஒண்ணை எடுத்துக்கிட்டு உள்ள வரலாம். கடைசி உயிரை அண்ணனுக்கு விட்டுக் கொடுத்த தம்பிங்க எத்தனை பேரு இந்த சபையில உக்காந்திருக்கீங்க! புத்தகத்துல மூழ்கினவன் பக்கத்துல உக்காந்து, "எனக்கு ஒரு உயிர் குடுடா"ன்னு கேக்க முடியுமா நடுவர் அவர்களே?

இப்ப ஊதலுக்கு வர்றேன். 1983-ல நிண்டெண்டோ கம்பெனி ஜப்பான்ல விட்ட ஃபேமிகாம்ங்கற கேம் பெட்டியைப் பார்த்துச் செஞ்ச நகல் பெட்டிங்கதான் தொண்ணூறுகள்ல நம்ம தெருவுக்கு வந்துச்சு. அதுல சொருகற கேசட்டோட அடியில, உள்ள இருக்கிற சர்க்யூட் பலகைக்கு ரெண்டு பக்கமும் 30, 30-ன்னு மொத்தம் 60 உலோகக் கீற்று. அதுல சிலது சரியா ஒட்டலைன்னாலே திரையில கட்டம் கட்டமா குப்பை வரும், இல்ல வெறும் நிறம் மட்டும் நிக்கும். உடனே கழட்டி ஊதி மாட்டுவோம், படம் வந்துடும். உண்மையில ஊதினதால வரலீங்க. கழட்டித் திரும்பச் சொருகினப்போ கீற்றும் பெட்டிக்குள்ள இருக்கிற முள்ளும் உரசிப் புதுசா ஒட்டுச்சே, அதனால வந்துச்சு. ஊதினது கெடுதல்தான். எச்சில் ஈரம் பட்டு நாளாவட்டத்துல கீற்று கறுத்துடும், பச்சை பிடிக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுல தொட்டு நீளவாக்குல துடைச்சு, நல்லா காஞ்சதும் மாட்டணும். அதுதான் முறை.

அப்ப தம்பி சொன்னது சரிதானேன்னு கேப்பீங்க. கேளுங்க. ஆனா அந்தக் கேசட் எத்தனை கை மாறுச்சுன்னு பாருங்க. தம்பி ஊதினான், வரல. அண்ணன் ஊதினான், வரல. அக்கா பிடுங்கி ஊதினா, வரல. கடைசியில அடுப்படிக்குத்தான் போச்சு. கோன்ட்ரான்னா என்னன்னே தெரியாத அம்மா, ஈரக் கையை இடுப்புல துடைச்சுக்கிட்டு, முந்தானை நுனியால அந்தக் கீற்றைத் துடைச்சு, கண்ணை மூடிக்கிட்டு ஒரு ஊது ஊதித் தந்தாங்க.

அந்த ஊதல் உங்களுக்கும் தெரியும் தம்பி. உங்க கண்ணுல தூசி விழுந்தப்போ, அதே முந்தானையைச் சுருட்டி, வாயில வச்சு ஊதி, சூடு ஆறுறதுக்குள்ள கண்ணுல ஒத்தி எடுத்தாங்களே, அதே மூச்சுதான். அந்த மூச்சு பட்டுக் கறுத்துப்போன கேசட் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்ல கிடக்கு. பெட்டி இல்ல, பழைய டிவி இல்ல, சில வீடுகள்ல அம்மாவும் இல்ல. இருந்தும் அந்தக் கேசட்டைக் காயலான் கடையில போட மனசு வரல நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.