காதுல வெச்சா கேட்காது, தம்பி!

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணிப் பேச்சாளர்களுக்கும், புத்தகத் திருவிழாப் பந்தல்ல இடம் இல்லாம ஓரமா நின்னுக்கிட்டே கேட்கிற மாயவரத்து மக்களுக்கும் வணக்கம். வாழ்த்துரை, வரவேற்புரை எல்லாம் முடிஞ்சாச்சு. நான் நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

"இசைக் கலைஞரை நம்ம மத்தியில வாழ வைக்கிறது பதிவான இசையா, அவரைப் பத்தி எழுதின புத்தகமா?" புத்தகமேன்னு பேச வந்தவ நான். காரணங்களை வரிசையா எழுதி எடுத்துக்கிட்டுத்தான் வந்தேன். ஆனா எனக்கு முன்னாடி பேசின தம்பி என்ன பண்ணினார், பார்த்தீங்க இல்ல? மேஜை மேல இருந்த புத்தகத்தை எடுத்தார். காதுல வெச்சார். கண்ணை மூடினார். "அக்கா, ஒண்ணுமே கேட்கலையே!"ன்னார். பந்தல் முழுக்க விசில். அதோட விட்டாரா? செல்போனை மைக் பக்கத்துல வெச்சு, நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசிச்ச தோடி ராகத்தைப் போட்டுட்டு, "இதை எந்தப் பக்கத்துல படிப்பீங்க?"ன்னு என்னைப் பார்த்துக் கேட்டார்.

எழுதிக்கிட்டு வந்த காகிதத்தை மடிச்சு வெச்சுட்டேன், நடுவர் அவர்களே. இதுக்குப் பதில் சொல்லாம நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

தம்பி, தோடியை நானும் கேட்டேன். உங்களுக்கு முன்னாடி கை தட்டினது நான்தான். அந்த நாதத்துக்கு முன்னாடி யாருக்கும் வாக்குவாதம் வராது. ஆனா ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன், உங்க செல்போன்ல கேட்டுச் சொல்லுங்க. பிள்ளைவாள் அதை நின்னுக்கிட்டு வாசிச்சாரா, உட்கார்ந்துக்கிட்டு வாசிச்சாரா?

கேட்காது. நல்ல ஹெட்போன் மாட்டினாலும் கேட்காது. ஏன் கேட்கிறேன்னா, அந்தக் காலத்துல நாயனக்காரர், அதான் நாதஸ்வரக்காரர், நின்னுதான் வாசிக்கணும். சட்டை கூடாது. மேல்துண்டை இடுப்புல கட்டணும். பாட்டுக்காரர் மேடையில சம்மணம் போட்டு உட்காரலாம், ஊரையே எழுப்புற நாயனக்காரர் நிக்கணும். அதை மாத்தினவர் ராஜரத்தினம் பிள்ளை. கிராப்பு வெச்சார், கோட்டு போட்டார், மேடையில உட்கார்ந்தார். பின்னால சுருதிக்கு ஒத்து ஊதின இடத்துல தம்புராவைக் கொண்டுவந்து வெச்சார். நீங்க மைக்குல வெச்ச தோடிக்குப் பின்னால இவ்வளவு பெரிய சண்டை இருக்கு, தம்பி. அது புத்தகத்துல இருக்கு. அதைப் படிச்சுட்டு வந்து அதே தோடியைக் கேளுங்க, வேற மாதிரி கேட்கும்.

இன்னொண்ணு. அவர் பேருக்கு முன்னால டி.என்.னு இருக்கே, அது திருமருகல் நடேச பிள்ளை. தாய்மாமன், எடுத்து வளர்த்தவர், அந்தக் காலத்துப் பெரிய நாயனக்காரர். அவர் வாசிச்சதை மைக்குல வையுங்களேன் பார்ப்போம். பி.எம். சுந்தரம் 'மங்கல இசை மன்னர்கள்'னு ஒரு புத்தகம் எழுதினார். நாயனமும் தவிலும் வாசிச்சவங்க வாழ்க்கையை ஊர் ஊராத் தேடிச் சேர்த்தார். அதுல இருக்கிற எத்தனையோ பேருக்கு இசைத்தட்டே கிடையாது. அவங்களை எல்லாம் எந்தக் காதால கேட்பீங்க?

இப்போ உங்க ஊர்க் கதைக்கு வர்றேன். இதே மாயவரத்துக் கதை. கொஞ்சம் நிதானமாத்தான் சொல்லப்போறேன், நடுவர் ஐயா மணி மேல கையை வைக்காதீங்க.

இங்கிருந்து ரயில் ஏறினா ஆனந்ததாண்டவபுரம்னு ஒரு ஸ்டேஷன் வருமே. அந்த ஊர்ல இருந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாப் பாடினார். பாடின ஊர்ல எல்லாம் ஜனம் அழுதுச்சு. புத்தகமா அச்சுப் போடணும்னு வந்தப்போ, பெரிய வித்வான் ஒருத்தர்கிட்ட சிறப்புப் பாயிரம், அதாவது நூலைப் பாராட்டி ஒரு பாட்டு, வாங்கணும். மாயவரத்துல இருக்கிற பெரிய வித்வான் யாரு? மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை! பாரதியார் போனார். பிள்ளையவர்கள் கீர்த்தனையைப் பார்த்தார். இங்கே இலக்கணம் தப்பு, அங்கே சொல் தப்பு. அது போதாதுன்னு, பெரியபுராணத்துல இல்லாத ஒரு வேதியர் ஆண்டையா வந்து நந்தனைப் போட்டு வதைக்கிறார். மகாவித்வானுக்கு மனசு ஒப்பலை. "அப்புறம் பார்க்கலாம்." பாரதியார் மறுபடி போனார். "அப்புறம் பார்க்கலாம்." திரும்பவும் போனார்.

ஒருநாள் மத்தியானம். சாப்பாடு ஆகி பிள்ளையவர்கள் உள்ளே படுத்திருக்கார். பாரதியார் வந்தார். எழுப்பலை. திண்ணையில உட்கார்ந்தார். சும்மா உட்கார முடியுமா பாட்டுக்காரரால? தனக்குத்தானே, தன் கீர்த்தனையைப் பாட ஆரம்பிச்சார். தெருவுல போறவன் நின்னான். அடுத்த வீட்டுக்காரர் வந்தார். உள்ளே படுத்திருந்தவர் காதுல விழுந்துச்சு. எழுந்து உட்கார்ந்தார். இலக்கணப் பிழை பார்த்தவர் கண்ணுல தண்ணி! வெளியில வந்தார், பாயிரம் பாடிக் கொடுத்தார்.

கை தட்டுங்க, உங்க ஊருக்குத் தட்டுங்க!

இப்போ அதே திண்ணையில நம்ம தம்பியோட செல்போனை வைப்போம். ரெக்கார்டிங் பட்டனை அமுக்கியாச்சு. என்ன பதிவாகும்? பாட்டு பதிவாகும். பிரமாதமா பதிவாகும். ஆனா உள்ளே, அந்த அறையில, தமிழ்ல தனக்கு மேல ஆள் இல்லைன்னு பேர் வாங்கின ஒருத்தர் தன் பிடிவாதத்தை விட்டாரே, அது பதிவாகுமா? கண்ணுல தண்ணி வந்துச்சே, அதுக்குச் சத்தம் உண்டா? அன்னைக்கு மாயவரத்துல நடந்த பெரிய கச்சேரி திண்ணையில நடக்கலை தம்பி, அந்த அறைக்குள்ளே நடந்துச்சு. அறைக்குள்ளே போக எழுத்தாலதான் முடியும்.

அதுவும் விடுங்க. செல்போன் இருந்தாத்தானே வைக்க? பிள்ளையவர்கள் மறைஞ்சது 1876. எடிசன் குரலைப் பிடிச்சு வைக்கிற கருவியைக் கண்டுபிடிச்சது 1877. நம்ம நாட்டுல கௌஹர் ஜான் கல்கத்தாவுல இசைத்தட்டுக்குப் பாடினது 1902. அப்பவும் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷச் சொச்சம்தான். அதனால பாரதியார் குரல் போச்சு, போனது போனதுதான். ஆனா அந்த மத்தியானம் போகலை! இன்னைக்கு ராத்திரி இந்தப் பந்தல்ல நீங்க எல்லாரும் அந்தத் திண்ணைக்கு எதிர்ல நின்னீங்களா இல்லையா?

எப்படி நின்னீங்க? உ.வே.சாமிநாதையர் எழுதி வெச்சார். அந்த மனுஷர் எழுதின கதையைச் சொன்னா இன்னும் மனசு கனக்கும். அவங்க அப்பா வேங்கடசுப்பையர் பாட்டுக்காரர், கனம் கிருஷ்ணையர்கிட்ட கத்துக்கிட்டவர். மகனுக்கும் பாட்டு வரணும்னு ஆசை. பிள்ளையவர்கள்கிட்ட தமிழ் படிக்க இந்த மாயவரத்துக்கு வந்த பையன், பாரதியாரும் இதே ஊர்ல இருக்கார்னு தெரிஞ்சு அவர்கிட்ட பாட்டுக் கத்துக்கப் போனான். பிள்ளையவர்களுக்குத் தெரிஞ்சுது. சங்கீதத்துல ரொம்பப் பழகினா இலக்கண இலக்கியத்துல புத்தி ஓடாதுன்னு சொன்னார். பையன் பாட்டை விட்டுட்டான்.

யார் சொன்னது? திண்ணைப் பாட்டுக்கு உருகினாரே, அதே பிள்ளையவர்கள்!

பாட்டை விட்ட அந்தப் பையன் தமிழ்த் தாத்தா ஆனார். சங்க இலக்கியத்தைக் கரையான்கிட்டேருந்து மீட்டார். அதெல்லாம் முடிஞ்சு, வயசான காலத்துல உட்கார்ந்து யாரைப் பத்தி எழுதினார் தெரியுமா? கோபாலகிருஷ்ண பாரதியார். கனம் கிருஷ்ணையர். மகா வைத்தியநாதையர். மூணு பேரும் சங்கீதக்காரங்க! பாட முடியாமப் போனதை எல்லாம் எழுதித் தீர்த்துக்கிட்டார்னுதான் எனக்குத் தோணும்.

'சபாபதிக்கு வேறு தெய்வம்'னு ஆபோகியில ஒரு பாட்டு. எத்தனையோ பேர் பாடிப் பதிவு இருக்கு, தாராளமாக் கேளுங்க. ஆனா திருவையாத்துல தியாகராஜர் வீட்டுல சிஷ்யர்கள் ஆபோகி பாடிக்கிட்டிருந்தப்போ, போய் உட்கார்ந்திருந்த பாரதியார்கிட்ட "இந்த ராகத்துல நீங்க ஏதாவது பண்ணியிருக்கீங்களா?"ன்னு தியாகராஜர் கேட்டதும், பாரதியார் பதில் சொல்லாம வந்து, மறுநாள் இந்தப் பாட்டோட போய் நின்னதும் புத்தகம் சொல்லித்தான் தெரியும். பெரியவர் ஒருத்தர் கேட்டதுக்கு ராத்திரியோட ராத்திரியாச் சொன்ன பதில் அந்தப் பாட்டு! அதைத் தெரிஞ்சுக்கிட்டு ஒருதரம் கேட்டுப் பாருங்க.

திருவையாறுன்னதும் நாகரத்தினம்மா ஞாபகம் வருது. பெங்களூர் நாகரத்தினம்மா, தேவதாசி குலத்துப் பெண். பாடிச் சம்பாதிச்ச சொத்தைப் போட்டு தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டினாங்க. ஆராதனையில பொம்பளைங்க பாடக்கூடாதுன்னு அப்போ சொல்லி வெச்சிருந்தாங்க. கோயில் கட்டினவங்களே பாடக்கூடாது! விட்டாங்களா? பெண்களை எல்லாம் சேர்த்து, தனியா ஆராதனை நடத்திப் பாட வெச்சாங்க. இன்னைக்கு ஆராதனையில ஆணும் பெண்ணும் ஒண்ணா உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனை பாடறதை டி.வி.யில பார்க்கிறீங்களே, நேரடி ஒளிபரப்பு. அதுல நாகரத்தினம்மா எங்கே? சமாதிக்கு எதிர்ல சிலையா உட்கார்ந்திருக்காங்க. அந்தச் சிலை யாருன்னு சொல்ல ஒரு புத்தகம் வேண்டியிருக்கு.

அவங்களுக்காவது சிலை இருக்கு. கோயில்லயும் அரண்மனையிலயும் ஆடின எத்தனை பெண்களுக்கு ஒரு போட்டோகூட இல்லை? ஆட்டத்தை எந்தத் தட்டுல பிடிப்பீங்க? அந்தப் பெண்களோட பேரைத் தேடித் தேடி 'மரபு தந்த மாணிக்கங்கள்'னு எழுதினாரே அதே சுந்தரம், அந்தப் புத்தகம் இல்லைன்னா அவங்க பொறந்ததுக்கே சாட்சி கிடையாது.

கடைசியா என் வீட்டு விஷயம் ஒண்ணு சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

எங்க ஊர்க் கோயில்ல ஒரு நாயனக்காரர் இருந்தார். ஊருக்கே பெரியப்பா. நாயனத்துல நூல் கட்டி நாலு சீவாளி தொங்கும், வாயில வெச்சு ஊதுற நாணல் துண்டு. ஒண்ணை எடுத்து நாக்குல நனைச்சு, உதட்டுல வெச்சு, பீப்பீன்னு ரெண்டு தரம் ஊதிப் பார்த்துட்டு, திருப்தி இல்லைன்னா அடுத்ததை எடுப்பார். நாங்க சின்னப் பசங்க வாயைப் பார்த்துக்கிட்டு எதிர்ல உட்கார்ந்திருப்போம். என் அக்கா கல்யாணத்துக்கு அவர்தான் வாசிச்சார். உடம்பு முடியாத நேரம். "நம்ம வீட்டுப் பொண்ணு"ன்னு வந்தார். மாப்பிள்ளை அழைப்புல வாசிச்ச கல்யாணி ராகத்துக்கு, சமையல்காரர்கூட கரண்டியோட வாசலுக்கு வந்துட்டார். அதுக்கப்புறம் அவர் ரொம்ப நாள் இல்லை.

அவர் வாசிப்பை யாரும் பதிவு பண்ணலை. எங்க அம்மாதான் சொன்னாங்க, "கல்யாண கேசட்டுல இருக்குமே!" ஆசை ஆசையாப் போட்டோம். பெரியப்பா தெரியறார். கன்னம் உப்புது. விரல் ஓடுது. கண்ணை மூடி அனுபவிச்சு வாசிக்கிறார். சத்தம்? வீடியோ எடுத்தவர் அழகா இருக்கட்டும்னு மேல ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுட்டார். கெட்டிமேளம் வரைக்கும் சினிமாப் பாட்டு.

அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க.

தம்பி, உங்களுக்கு அது பதிவு. எனக்கு அது அவரை ரெண்டாவது தடவை பறிகொடுத்த மாதிரி.

எங்க ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குச் சிறப்பு மலர்னு ஒரு புத்தகம் போட்டாங்க. நான் பெரியம்மாகிட்டப் போய் உட்கார்ந்தேன். அவர் எங்கே கத்துக்கிட்டார், குருநாதர் வீட்டுல என்ன வேலை செஞ்சார், அர்த்தஜாம பூஜைக்கு எந்த ராகம் பிடிக்கும், முதல் சம்பாத்தியத்துல யாருக்குப் புடவை எடுத்தார், எல்லாம் கேட்டு எழுதினேன். மலர்ல ரெண்டு பக்கம் வந்துச்சு. கோயம்புத்தூர்ல வேலை பார்க்கிற அவர் பேரன் போன் பண்ணினான். "அத்தை, தாத்தா விடியக்காலையில குளத்தங்கரையில நின்னு நாயனம் வாசிச்சு சாதகம் பண்ணுவாராமே, எங்க வீட்டுல யாரும் எனக்குச் சொன்னதே இல்லையே!" அதுக்கு மேல அவனால பேச முடியலை. என்னாலயும் முடியலை. அடுத்த வாரம் ஊருக்கு வந்தான். பரண்ல துணி சுத்திக் கிடந்த நாயனத்தை இறக்கினான். இப்போ கத்துக்க ஆரம்பிச்சிருக்கான், நடுவர் அவர்களே. நாயனம் கத்துக்க ஆரம்பிச்சிருக்கான்!

மணி அடிச்சுட்டீங்க. சரி. ஆனா தீர்ப்பு எழுதறதுக்கு முன்னாடி, இந்தப் பந்தல்ல இருக்கிற பெரியவங்க ஒவ்வொருத்தரும் அவங்க ஊர் நாயனக்காரர் பேரையும் தவில்காரர் பேரையும் ஒரு சீட்டுல எழுதி மேடைக்கு அனுப்புங்க. நம்ம தம்பியே வாங்கட்டும், செல்போன் பிடிச்ச அந்தக் கையால. வணக்கம்.