பெஞ்சில் வைத்த ரொட்டித் துண்டு

நேயர்களுக்கு வணக்கம். குரலை மட்டுமே நம்பியிருக்கும் வானொலியில், குரலே இல்லாத ஒரு படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1926-ல் பிரான்சில் வெளிவந்த ‘மெனில்மோந்தான்’. பாரிஸில் உழைப்பாளிகள் வாழ்ந்த ஒரு பேட்டையின் பெயர் அது. இயக்கியவர் திமித்ரி கிர்சானோஃப். இன்றைய எஸ்தோனியாவில் பிறந்தவர். பாரிஸுக்கு வந்து, திரையரங்குகளில் ஊமைப்படங்களுக்கு செல்லோ என்ற தந்தி வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர்.

அந்தக் காலத்துப் படங்களில், பாத்திரங்கள் என்ன பேசினார்கள் என்று சொல்ல நடுநடுவே எழுத்து அட்டை வரும். இந்தப் படத்தில் அப்படி ஒரு அட்டைகூடக் கிடையாது.

எடுத்த எடுப்பிலேயே கோடரிக் கொலை. யார், எதற்காக என்று விளக்கமில்லை. கொலையுண்டவர்களின் சின்ன மகள் விளையாட்டு முகத்தோடு ஓடி வருகிறாள், கூட்டத்தைப் பார்த்து நிற்கிறாள். அந்த முகம் துண்டு துண்டாக நம்மை நெருங்கி வருகிறது. அழுகைச் சத்தம் நம் மனதுக்குள்தான் கேட்கிறது.

அப்புறம் கதை பழகிய பாதைதான். அக்காவும் தங்கையும் பாரிஸுக்கு வந்து செயற்கைப் பூ செய்யும் வேலையில் சேர்கிறார்கள். தங்கையை ஒருவன் ஏமாற்றுகிறான். அக்காவும் அவனிடமே போகிறாள். தங்கை கைக்குழந்தையோடு தெருவில் நிற்கிறாள். கதைக்காக நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கவில்லை. ஈரம் காயாத கல் தெருக்கள், மங்கிய சந்துகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் பிம்பங்கள் எல்லாம் சேர்ந்து அந்தப் பெண்ணின் தனிமையை நம்மேல் இறக்கி வைக்கின்றன. நாற்பது நிமிடம்கூட ஓடாத படம் செய்கிற வேலை இது!

ஒரு காட்சியை மட்டும் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. குளிர் நாள். பூங்கா பெஞ்சில் பசியோடு குழந்தையை அணைத்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு கிழவர் ரொட்டியும் இறைச்சியும் நறுக்கிச் சாப்பிடுகிறார். அவள் பக்கம் திரும்பாமலே ஒரு துண்டை இருவருக்கும் நடுவில் வைக்கிறார். அவள் தயங்குகிறாள், எடுக்கிறாள், அழுதுகொண்டே மெல்லுகிறாள். அவர் இன்னொரு துண்டு வைக்கிறார். ‘சாப்பிடும்மா’ என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் அவள் கூசிப்போயிருப்பாள். அவர் பார்க்காமல் இருப்பதுதான் அவளைச் சாப்பிட வைக்கிறது. அவளாக நடித்த நதியா சிபிர்ஸ்காயாவின் கண்களில் நன்றியும் வெட்கமும் ஒன்றாகத் தெரிகின்றன.

இன்று கிடைக்கும் பிரதிகளில் பின்னாளில் சேர்த்த இசை இருக்கலாம். அந்த பெஞ்ச் காட்சி வரும்போது மட்டும் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பாருங்கள். வணக்கம்.