கோயமுத்தூர்ல பேர்போன வக்கீல் ஆபீஸ், தோப்பு கொழிஞ்சாம்பாறைல: கேஸை யார்கிட்டக் குடுக்கறது?

வணக்கம்ங்க. இந்த வாரம் நெறைய கேள்வி வந்திருக்கு, ஆனா ஒண்ணுதான் மனசை விட்டுப் போகல. பொள்ளாச்சிலேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. அப்பா உயில் எழுதாம 2012ல தவறிட்டாரு. கேரளாவுல பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைல தென்னந்தோப்பு, தம்பி பங்கு தரமாட்டேங்கறாரு. கோயமுத்தூர்ல ஒரு வக்கீல் ஆபீஸ் இருக்கு, சிவில், கிரிமினல், குடும்பக் கோர்ட், ஆக்சிடென்ட், செக் கேஸ் எல்லாம் பாக்கறாங்க, நல்ல பேருங்கறாங்க, அங்கயே குடுத்துடலாமான்னு.

நம்ம வீடியோவ வழக்கமாப் பாக்கறவங்களுக்கு நான் என்ன சொல்லுவேன்னு தெரியும். வக்கீலைத் தேடறதுக்கு முன்னாடி கோர்ட்டைத் தேடுங்க.

செக் கேஸா? பணம் வரவேண்டியவரோட அக்கவுண்ட் எந்த பேங்க் கிளைல இருக்கோ, அந்த ஊர்க் கோர்ட். 2015 திருத்தத்துக்கு அப்புறம் அப்படித்தான். கேரள எல்லைல வாளையார்ல லாரி இடிச்சிருந்தா, அடிபட்டவர் குடியிருக்கற மதுக்கரை பக்கம், கோயமுத்தூர்லயே க்ளெய்ம் போடலாம். ஆனா ஆறு மாசத்துக்குள்ள போடணும், இது 2022 ஏப்ரல்லேர்ந்து வந்த கெடு. இதுல வர்ற நஷ்டஈட்டுல இத்தனை பர்சென்ட்னு பங்கு பேசறது பார் கவுன்சில் விதிப்படியே தப்பு, ஊரெல்லாம் நடக்குதுங்கறது வேற விஷயம்.

நிலம் அப்படி இல்லைங்க. நிலம் எங்கயோ கேஸ் அங்க. ஆனைமலைப் பக்கமும் குடும்பச் சொத்து இருந்து, ரெண்டையும் சேத்து ஒரே பாகப்பிரிவினைக் கேஸாப் போட்டா பொள்ளாச்சிலயே போட வழி இருக்கு. தோப்பு மட்டும்னா மதிப்பைப் பொறுத்து பாலக்காடு மாவட்டச் சித்தூர் (ஆந்திரா சித்தூர் இல்ல) முன்சீப் கோர்ட்டோ பாலக்காடு சப் கோர்ட்டோதான்.

தமிழ்நாட்டு வக்கீல் அங்க ஆஜராகலாமான்னா, தாராளமா ஆகலாம். அட்வகேட்ஸ் சட்டம் 30வது பிரிவு 2011 ஜூன்லேர்ந்து அமல்ல இருக்கு. சிக்கல் அதுல இல்ல, சட்டத்துல இருக்கு. நம்ம பக்கம் பெண் பங்குன்னா வக்கீல் கை தானா 25-3-1989ன்னு எழுதும். அது பூர்வீகச் சொத்துல பெண்ணுக்கும் பங்கு குடுத்த தமிழ்நாட்டுத் திருத்தம், கொழிஞ்சாம்பாறைல செல்லாது. கேரளாவுல 1976 டிசம்பர் 1லேர்ந்து இந்து கூட்டுக் குடும்பமே சட்டப்படி ஒழிஞ்சாச்சு, அன்னிக்கு இருந்த பங்காளிகளுக்குத் தனித்தனிப் பங்காப் பிரிஞ்சதாக் கணக்கு.

அக்கா கணக்குக்கு வருவோம். அம்மா முன்னாடியே தவறிட்டாங்கன்னு வெச்சுக்குங்க. அப்பா சுயமா சம்பாதிச்ச தோப்புன்னா அக்காவுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி, பேச்சே இல்ல. பூர்வீகம்னா, தம்பி 1976க்கு முன்னாடி பொறந்தவரா இருந்தா அவர் வக்கீல் என்ன சொல்லுவாரு? "அன்னிக்கே பாதி என்னுது, அப்பாவோட பாதிலதான் அக்காவுக்குப் பாதி"ம்பாரு. ஆக மொத்தத்துல அவருக்கு முக்கால், அக்காவுக்குக் கால். ஆனா 2025 ஜூலைல கேரள ஐகோர்ட், 2004 டிசம்பர் 20க்கு அப்புறம் தவறினவரோட மகளுக்கும் பூர்வீகச் சொத்துல சமபங்குன்னு சொல்லிடுச்சு. கால் பங்கா அரைப் பங்காங்கறது இந்தத் தீர்ப்பு தெரிஞ்ச வக்கீலா இல்லையாங்கறதுல நிக்குது. போர்டுல "சிவில்"னு எழுதினா இதெல்லாம் தெரியுமா?

அடுத்து, நல்ல பேருங்கறீங்க. இந்த நாட்டுல வக்கீல் விளம்பரம் பண்ணக் கூடாது, போர்டுகூட அளவா இருக்கணும்னு விதி. அதனால பேருங்கறது வாய் வழி வர்றது, பாதி மாமன் மச்சான் சொன்னதாத்தான் இருக்கும். நீங்களே பாருங்க. கேஸ் விவரம் பாக்கற ஈகோர்ட்ஸ் வெப்சைட்ல கேரளா, பாலக்காடு, சித்தூர் கோர்ட் வளாகம்னு எடுத்து, அட்வகேட்ங்கற இடத்துல அந்த வக்கீல் பேரைப் போடுங்க. அங்க அவருக்கு எத்தனை கேஸ்னு வரும். முடிஞ்ச கேஸ்கள்ல நாலஞ்சைத் தொறந்து, எப்படி முடிஞ்சுதுன்னு படிங்க. ஆள் வராததால தள்ளுபடின்னு திரும்பத் திரும்ப இருந்தா எந்திரிச்சு வந்துடுங்க. அப்படித் தள்ளுபடியான கேஸைத் திரும்ப எடுக்க 30 நாள்தான், அதுக்கப்புறம் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி தனி மனு போடணும்.

அதனால அக்கா, நீங்க கேட்டிருக்க வேண்டியது பேரு இருக்காங்கறது இல்ல. வாய்தா அன்னிக்கு சித்தூர்ல யாரு நிப்பாங்க? பெரிய ஆபீஸ்ல உங்ககிட்டப் பேசறவர் ஒருத்தர், எழுதறவர் ஒருத்தர், கோர்ட்டுல நிக்கறவர் நேத்து சேந்த ஜூனியர். அதுவும் உள்ளூர் வக்கீலுக்கு ஃபோன் போட்டு "இன்னிக்கு ஒரு நாள் பாத்துக்குங்க சார்"னு போயிடும். வக்காலத்துல யார் யார் பேரு இருக்குன்னு படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க, வெத்துப் பேப்பர்ல போடவே போடாதீங்க. ஒருத்தர் பேர்ல போட்டுட்டா மாத்தறதுக்கு அவர் சம்மதமோ கோர்ட் அனுமதியோ வேணும்.

சித்தூர்ல தினமும் நிக்கற, தமிழும் மலையாளமும் படிக்கத் தெரிஞ்ச வக்கீல் அந்தப் பக்கம் நெறையப் பேரு இருக்காங்க. போகும்போது ஆதாரம் (நம்ம ஊர்ப் பத்திரம்), முன்னாதாரம் (மூலப் பத்திரம்), இந்த வருஷம் வில்லேஜ் ஆபீஸ்ல கரம் (நிலவரி) கட்டின ரசீது, குடிக்கட சர்ட்டிபிகேட் (வில்லங்கச் சான்று), அப்பாவோட இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் எடுத்துக்குங்க. தாத்தா குத்தகைக்கு ஓட்டி லேண்ட் ட்ரிப்யூனல்ல கிரய சர்ட்டிபிகேட் (குத்தகை நிலம் சொந்தமாச்சுன்னு தர்ற சான்று) வாங்கின நிலமான்னும் பாருங்க. அது அவர் ஒருத்தருக்கா, குடும்பத்துக்கான்னுதான் தம்பி பக்கம் முதல் சண்டையே வரும்.